முற்றத்துக் கோழியும் முட்டை ஒவ்வாத பிள்ளையும்

முட்டை ஒரு வாய் உள்ளே போனாலே உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, வாந்தியெடுத்துத் துவண்டுபோகும் பிள்ளை ஒன்று வீட்டில் இருக்கிறது. அதே வளவில் ஐந்தாறு ஊர்க்கோழிகள் மேய்கின்றன. வைத்தியர் 'கடுமையான முட்டை ஒவ்வாமை' என்று சொன்ன அன்றே கோழிகளை விற்றுவிடலாமா, அடித்துக் கறியாக்கிவிடலாமா என்ற பேச்சு எழும். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நாவற்குடாவில் இந்தக் கேள்விக்கு விடை சொல்வது இலேசல்ல. வடக்கே கல்லடி, தெற்கே மஞ்சந்தொடுவாய், அதற்கப்பால் காத்தான்குடி என்று வீடுகள் நெருங்கிக் கிடக்கும் மணல் நிலம் இது. ஒரு வீட்டுக் கோழி மூன்று வளவில் மேய்ந்து நாலாவது வளவில் முட்டையிடும். தன் கோழிகளை விற்ற தாயின் முற்றத்தில் மறுநாள் காலையில் அயல்வீட்டுப் பேடு வந்து கிண்டிக்கொண்டு நிற்கும்.

கோழி இங்கே பெண்களின் கைக்காசு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2009இல் போர் முடிந்த பின்னும் மட்டக்களப்பு மாவட்டத்துக் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்தவற்றில் கோழிக்குஞ்சுகளும் இருந்தன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் தீன் விலை ஏறிப் பண்ணைகள் தளர்ந்தன. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடே வந்தது. அந்த மாதங்களில் முற்றத்தில் நாலு பேடு வைத்திருந்த வீட்டுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். ஆகவே, ஒரு தாயிடம் கோழிகளை விடச் சொல்வதானால் வலுவான காரணம் வேண்டும். மருத்துவம் இதுவரை கண்டறிந்தவற்றைப் படித்துப் பார்த்தால் அந்தக் காரணம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இல்லை என்றே சொல்வேன். கவனிக்க வேண்டிய வழிகள் இரண்டு. ஒன்று, முட்டை கூட்டிலிருந்து பிள்ளையின் வாய்வரை போகும் வழி. மற்றது, விபத்து நேர்ந்தபின் அட்ரினலின் ஊசி பிள்ளையின் தொடைக்கு வந்து சேரும் வழி. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேச்சே குறைவு.

முட்டை ஒவ்வாமை புதிய வியாதி அல்ல. முட்டை 'நஞ்சான' பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மிக நுண்ணிய அளவில் முட்டையைக் குளிகையாகக் கொடுத்துப் பழக்கியதை ஸ்கோஃபீல்ட் என்ற ஆங்கில வைத்தியர் 1908இல் 'லான்செற்' இதழில் எழுதினார். 1912இல் நியூயோர்க்கின் குழந்தை வைத்தியர் ஒஸ்கார் ஷ்லொஸ், முட்டை ஒவ்வாத குழந்தையின் தோலைக் கீறி உணவுச் சாற்றை வைத்துத் தடிப்பு எழுகிறதா என்று பார்த்தார். இன்றைய தோற்பரிசோதனைக்கு அதுவே முன்னோடி. முட்டை ஒவ்வாமை எவ்வளவு பரவலாக இருக்கக்கூடும் என்பதற்கு மெல்போனில் ஒரு வயதுக் குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு சான்று. அங்கே 8.9 சதவீதமானோருக்குப் பச்சை முட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்று 2011இல் வெளியிட்டார்கள். அது உலகிலேயே உயர்ந்த கணக்குகளில் ஒன்று, நம் ஊருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அதே பிள்ளைகளுக்கு நாலு வயதானபோது இந்த அளவு 1.2 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். முட்டை ஒவ்வாமை பெரும்பாலும் வளர வளரத் தணிவது.

உடலில் நடப்பது இதுதான். முட்டையின் சில புரதங்களைப் பிள்ளையின் நோயெதிர்ப்புத் தொகுதி பகையாக எண்ணி ஐ.ஜி.ஈ என்ற பிறபொருளெதிரியை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே புரதம் உள்ளே போனதும் உடலெங்கும் ஹிஸ்டமினும் பிற இரசாயனங்களும் ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. வெள்ளைக்கருவின் புரதத்தில் பாதிக்குமேல் ஓவல்புமின். சூட்டில் அதன் வடிவம் குலைந்துவிடும். சுமார் 11 சதவீதம் ஓவோமியூக்கொயிட். இது சூட்டுக்கும் இரைப்பை அமிலத்துக்கும் எளிதில் மசியாது. எந்தப் புரதம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் பொறுத்தே பிள்ளையின் நிலை அமைகிறது. முட்டை ஒவ்வாத பிள்ளைகளில் சுமார் 70 சதவீதமானோர், கோதுமை மாவோடு கலந்து அதிக சூட்டில் நெடுநேரம் வெந்த கேக் போன்றவற்றைத் தாங்கிக்கொள்கிறார்கள். அதே பிள்ளைகள் அரைவேக்காட்டு முட்டைக்குத் துவண்டுபோகலாம். தன் பிள்ளை எந்த வகை என்பதை வீட்டில் ஒரு துண்டு கேக் கொடுத்துப் பார்த்து அறிய முயலக் கூடாது. அந்தச் சோதனை அட்ரினலின் கையில் வைத்திருக்கும் வைத்தியர் முன்னால் வைத்தியசாலையில் நடக்க வேண்டியது.

இங்கே ஒரு பிடிவாதமான நம்பிக்கையைச் சொல்லத்தான் வேண்டும். 'பண்ணை முட்டையில் மருந்தும் ஊசியும், அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர்க்கோழி முட்டை ஒன்றும் செய்யாது' என்று அக்கறையோடு சொல்லும் பெரியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஊர்க்கோழியின் வெள்ளைக்கருவிலும் அதே ஓவல்புமின், அதே ஓவோமியூக்கொயிட். ஓடு வெள்ளையாக இருந்தாலும் மண்ணிறமாக இருந்தாலும் உள்ளே வேறுபாடு இல்லை. தாரா முட்டை, வான்கோழி முட்டை, காடை முட்டை ஆகியவற்றின் புரதங்களும் நெருங்கிய உறவுள்ளவை. கோழி முட்டைக்கு மாற்றாக வைத்தியரைக் கேளாமல் அவற்றைக் கொடுப்பது ஆபத்து. ஊர்க்கோழி முட்டை நல்லது என்ற அன்பான நினைப்பில்தான் பல விபத்துகள் நேரக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி, கோழிக்கு வருவோம். இறகிலும் செதிலிலும் எச்சத்திலும் இருப்பவை பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கருவின் புரதங்கள் அல்ல. முற்றத்தில் கோழி நடந்துபோவதால் பிள்ளை மூச்சடைத்து விழுவதில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. பறவையின் குருதியிலும் இறகுத் தூசியிலும் மஞ்சட்கருவிலும் பொதுவாக இருக்கும் அல்புமின் ஒன்று இருக்கிறது. பறவைகளோடு நெடுங்காலம் பழகியவர்களில் சிலர் மூச்சுவழியே அதற்கு ஒவ்வாமை பெற்று, பின்னர் மஞ்சட்கருவுக்கும் எதிர்வினை காட்டத் தொடங்குகிறார்கள். சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் 1988இல் இதை விவரித்து 'பறவை–முட்டை' நோய்க்கூட்டம் என்றார்கள். பெரியவர்களிடமே இது அதிகம். கூட்டைத் துப்புரவாக்கும்போதெல்லாம் தும்மலும் கண்ணரிப்பும் இழுப்பும் வருகிற பிள்ளையென்றால் இதைப்பற்றி வைத்தியரிடம் கேட்பது நல்லது. அப்படியான பிள்ளைக்கு மட்டும் கோழியைத் தூர வைப்பதில் நியாயம் உண்டு. கோழி இறைச்சியை முட்டை ஒவ்வாத பிள்ளைகளில் பெரும்பாலானோர் நன்றாக வெந்த கறியாகத் தயக்கமின்றி உண்ணலாம். முட்டையோடு இறைச்சியையும் சேர்த்து நிறுத்திப் பிள்ளையை மெலியவைக்கத் தேவையில்லை. கோழிப்பேன் கடித்து வந்த சிவந்த தடிப்பை ஒவ்வாமை என்று எண்ணிக் குழம்புவதும் நடக்கிறது. கூடு வீட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தால் முதலில் அதைத் தள்ளிவைத்துப் பார்க்கலாம்.

ஒவ்வாமை முட்டைக்கு அல்லாமல் கச்சானுக்கோ எள்ளுக்கோ பாலுக்கோ கோதுமைக்கோ என்றால் பார்வை தீன் பக்கம் திரும்ப வேண்டும். புண்ணாக்கும், மீன் தூளும், மிஞ்சிய பாணும், பிள்ளைகள் விட்ட பிஸ்கட்டும் எல்லாம் கோழிக்குப் போகின்றன. தீன் போடுவதை அந்தப் பிள்ளையின் வேலையாக வைக்காமல் விடுவதும், தீன் வாளியைக் குசினிக்கு வெளியே வைப்பதும் போதும்.

முட்டை ஒவ்வாத பிள்ளைக்கு முற்றத்தில் உண்மையான ஆபத்து உடைந்த முட்டைதான். ஊர்க்கோழி கூட்டில் மட்டும் முட்டையிடுவதில்லை. விறகுக் குவியலுக்குள், கதிரைக்கு அடியில், சாக்குக்குள், சில வேளை பிள்ளையின் பாயிலேயே இட்டுவிட்டு எழும்பும். காகம் தூக்கிப்போய்க் குடித்துவிட்டுக் கோதைப் பிள்ளை விளையாடும் இடத்தில் போடும். கீரி உடைத்துவிட்டுப் போகும். ரோசாவுக்கும் மிளகாய்க் கன்றுக்கும் உரமென்று நாமே முட்டைக் கோதை நொறுக்கிப் போடுகிறோம், செடி நுனியில் கவிழ்த்தும் வைக்கிறோம். அந்தக் கோதுகளின் உட்புறத்தில் காய்ந்த வெள்ளைக்கரு ஒட்டியிருக்கும். ஒன்றரை வயதுப் பிள்ளை எதையும் வாயில் வைத்துத்தான் அறியும்.

தொடுவது வேறு, வாய்க்குள் போவது வேறு. நியூயோர்க்கில் கச்சானுக்குக் கடும் ஒவ்வாமையுள்ள 30 பிள்ளைகளின் தோலில் கச்சான் வெண்ணெயைத் தடவிப் பார்த்த ஆய்வு 2003இல் வெளியானது. பட்ட இடம் சிலருக்குச் சிவந்ததே தவிர ஒருவருக்கும் உடல் முழுவதும் பரவும் எதிர்வினை வரவில்லை. முட்டையைத் தொட்ட கையால் தொடப்பட்டதற்காகப் பிள்ளை செத்துவிடுமோ என்று நடுங்கும் தாய்மாருக்கு இந்த ஆய்வைச் சொல்ல விரும்புகிறேன். ஆனால் கரப்பன் வெடித்த தோலுள்ள பிள்ளைக்கு அந்த ஆறுதல் முழுமையாகப் பொருந்தாது. புண்பட்ட தோல் வழியே புரதம் உள்ளே போகும். தொட்ட கை கண்ணுக்கோ வாய்க்கோ போனாலும் அப்படித்தான். ஆகவே முட்டை பொறுக்குவது பெரியவர்களின் வேலை. பொறுக்கியபின் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கச்சான் புரதத்தை வைத்து 2004இல் செய்த சோதனையில் சவர்க்காரமும் ஈரத்துடைப்பானும் கையைச் சுத்தமாக்கின. வெறுந் தண்ணீரால் கழுவிய கைகள் சிலவற்றிலும், கிருமிநீக்கித் திரவம் பூசிய கைகள் பலவற்றிலும் புரதம் மிச்சமிருந்தது. கொரோனாக் காலத்திலிருந்து கதவடியில் வைத்திருக்கும் அந்தப் போத்தல் இந்த வேலைக்கு உதவாது. முட்டை மணலில் உடைந்தால் தண்ணீர் ஊற்றிப் பரப்பாமல் மண்வெட்டியால் அந்த மணலோடு அள்ளிப் புதைத்துவிடுவது மேல். நாள்தோறும் விடியலில் பெரியவர் ஒருவர் வளவைச் சுற்றிப் பார்த்து முட்டையையும் கோதையும் பொறுக்கிவிட்டால், பிள்ளை எழும்பும்போது முற்றம் ஆபத்து நீங்கியிருக்கும். கோழிகளை மத்தியானம்வரை கூட்டில் அடைத்து வைத்தால் பெரும்பாலான முட்டைகள் கூட்டிலேயே விழும் என்பது கோழி வளர்க்கும் எவருக்கும் தெரிந்ததே.

குசினி முற்றத்தைவிடக் கடினம். காரணம் மட்டக்களப்பின் குடும்ப அமைப்பு. இங்கே மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். அக்காவும் தங்கையும் அம்மாவும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ இருப்பார்கள். கிழக்கின் தாய்வழிக் குடிமுறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஒவ்வாமையைப் பொறுத்தவரை இதற்கு ஒரு நேரடி விளைவு உண்டு: பிள்ளைக்குக் குசினி ஒன்றல்ல, மூன்று நான்கு. காலையில் அம்மம்மா வீட்டுப் பிட்டு, பத்து மணிக்குப் பெரியம்மாவின் ரொட்டி, பின்னேரம் சித்தி வாங்கிவந்த பணிஸ். பெற்ற தாய் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்த வட்டம் முழுவதும் அறிந்திராவிட்டால் அந்தக் கவனம் வேலிக்கு உள்ளேயே நின்றுவிடும். நகரத்து அடுக்குமாடியில் வாழும் குடும்பத்துக்கு எழுதப்பட்ட மருத்துவ அறிவுரைகள் இந்த இடத்தில் நம் உதவிக்கு வருவதில்லை. ஆனால் இதே அமைப்பில் ஒரு பலமும் உண்டு. பழக்கிவிட்டால் ஒரு பிள்ளையைக் காக்க நாலு பெண்கள் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். வைத்தியர் அறிவுரை சொல்லும் நாளில் தாயோடு அம்மம்மாவும் பெரியம்மாவும் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

முட்டை மறைந்திருக்கும் பண்டங்களை ஊர்க் கண்ணோடு பார்க்க வேண்டும். முட்டை அப்பத்தை எவரும் கொடுக்கமாட்டார்கள். ஆனால் முட்டை அப்பம் சுட்ட அதே தாச்சியில் அடுத்ததாக வெள்ளை அப்பம் சுடுவார்கள். கொத்துரொட்டிக் கடையில் 'முட்டை வேண்டாம்' என்று சொல்லலாம். தகட்டையும் கொத்தும் தகடுகளையும் முந்திய கொத்தின் முட்டையிலிருந்து பிரிக்க முடியாது. வெதுப்பகத்துப் பணிஸின் மினுக்கம் பெரும்பாலும் மேலே தடவிய முட்டைதான். ரோல்ஸும் கட்லட்டும் முட்டையில் தோய்த்தே தூளில் புரட்டப்படுகின்றன. காத்தான்குடிச் சிநேகிதர்கள் நோன்புப் பெருநாளுக்கு அன்போடு அனுப்பும் வட்டிலாப்பம் முட்டையும் தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் சேர்ந்து ஆவியில் வெந்தது. அதன் சூடு கேக்கின் சூட்டுக்கு ஈடாகாது. கேக்கைத் தாங்கும் பிள்ளைக்கும் வட்டிலாப்பம் ஆபத்தாகலாம். பாலர் பாடசாலையில் பிறந்தநாள் கேக் வெட்டாத மாதம் இல்லை. பாடசாலை மதிய உணவில் முட்டை வரும் நாளும் உண்டு. ஆசிரியையிடம் வாயால் சொன்னது மறந்துபோகும், அவர் விடுமுறையில் போனால் அடுத்தவருக்குத் தெரியாது. பிள்ளையின் படத்தோடு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது எளிய காரியம்.

உணவல்லாத வழிகளும் இருக்கின்றன. கண்ணூறு கழிக்க முட்டையைச் சுற்றி உடைப்பார்கள். முறிவு நெரிவுக்கு வெள்ளைக்கருவை உளுந்தோடு குழைத்துப் பற்றுப் போடுவார்கள். அக்காமார் தலைமயிருக்கு முட்டை பூசுவார்கள். இவற்றை எதிர்த்துப் பேச வேண்டிய அவசியம் இல்லை. இந்தப் பிள்ளைக்கும் இந்தப் பிள்ளையின் பக்கத்திலும் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் எவரும் கேட்பார்கள்.

'கிரந்தி' என்ற கருத்து நம் வீடுகளில் ஆழமானது. இறால், நண்டு, சூரை, கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி என்று நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் குறைப்பார்கள். சில உணவு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்ற அனுபவ அறிவு அதில் இருக்கிறது. பிழை நேர்வது அதே அளவுகோலைக் கடும் ஒவ்வாமைக்கும் பிடிக்கும்போது. கிரந்தியென்றால் கொஞ்சம் தின்றால் கொஞ்சம் சொறியும், பழகினால் போய்விடும் என்பது எண்ணம். கடும் ஒவ்வாமையில் அந்தக் 'கொஞ்சம்' உயிரை எடுக்கலாம். மறுபக்கம், கிரந்தி என்ற அச்சத்தில் நல்ல பிள்ளைக்கும் முட்டையைத் தள்ளிப்போடுவது கெடுதல். யப்பானில் கரப்பனுள்ள குழந்தைகளுக்கு ஆறு மாதத்திலிருந்து வேகவைத்த முட்டைத் தூளைச் சிறிது சிறிதாகக் கொடுத்தார்கள். ஒரு வயதில் அவர்களில் 8 சதவீதமானோருக்கே முட்டை ஒவ்வாமை இருந்தது. கொடுக்காமல் விட்டவர்களில் 38 சதவீதம். 2017இல் வெளிவந்த இந்த ஆய்வு, அடுத்துப் பிறக்கும் தம்பி தங்கைக்கு முட்டையை ஒளித்துவைக்கக் கூடாது என்பதற்கு வலுவான சான்று. ஆயினும் அண்ணனுக்குக் கடும் ஒவ்வாமை உள்ள வீட்டில் எப்படித் தொடங்குவது என்பதை வைத்தியரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். பண்ணை மண்ணில் மிருகங்களோடு வளரும் பிள்ளைகளுக்கு இழுப்பும் ஒவ்வாமையும் குறைவு என்று ஐரோப்பாவிலும் அமெரிக்க அமிஷ் மக்களிடமும் கண்டிருக்கிறார்கள். அது வருமுன் காப்பது பற்றிய செய்தி. வந்துவிட்ட ஒவ்வாமையைக் கோழியோடு விளையாடவிட்டுப் போக்க முடியாது.

ஒவ்வாமையைத் தோற்பரிசோதனையாலும் குருதியில் ஐ.ஜி.ஈ அளந்தும் ஆராயலாம். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் நோயெதிர்ப்புப் பிரிவு இத்தகைய சோதனைகளைச் செய்கிறது. சோதனையில் எண் கூடியிருப்பதால் மட்டும் ஒவ்வாமை என்று ஆகாது, தின்றபோது என்ன நடந்தது என்ற வரலாறே முதன்மையானது. பட்டியல் போட்டு இருபது உணவைச் சோதித்து, பாதியை நிறுத்தி, பிள்ளையை எலும்பாக்குவதை நான் வன்மையாக மறுக்கிறேன். முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. அதை நிறுத்தினால் அந்த இடத்தை வாவி மீனும் பருப்பும் பயறும் சோயாவும் நிரப்ப வேண்டும். தடுப்பூசி பற்றிய அச்சமும் தேவையற்றது. இலங்கையில் 2011 முதல் கொடுக்கப்படும் எம்.எம்.ஆர் தடுப்பூசியை முட்டை ஒவ்வாத பிள்ளைகளுக்கும் வழக்கம்போலப் போடலாம் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட முடிவு. மிட்வைஃபிடம் ஒவ்வாமையைச் சொல்லுங்கள், ஆனால் ஊசியைத் தவறவிடாதீர்கள்.

இவ்வளவு காவலுக்குப் பிறகும் ஒருநாள் தவறி நடக்கும். அன்று என்ன செய்வது என்பதிலேயே பிள்ளையின் உயிர் தங்கியிருக்கிறது. உடலில் தடிப்போடு மூச்சுத்திணறல், குரல் அடைத்தல், விடாத வாந்தி, வெளிறித் துவளுதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது உயிராபத்தான எதிர்வினை. தடிப்பே இல்லாமலும் அது வரலாம். பிரித்தானியாவில் ஒவ்வாமை மரணங்களை ஆராய்ந்த ரிச்சர்ட் பம்ஃப்ரி 2000இல் தந்த கணக்கின்படி, உணவால் வந்த எதிர்வினைகளில் மூச்சோ இதயமோ நின்றுபோக எடுத்த நேரத்தின் இடைநிலை 30 நிமிடம். நாவற்குடாவிலிருந்து பார்த்தால் அந்த அரைமணி கைக்கெட்டும் தூரம். தெற்கே காத்தான்குடி ஆதார வைத்தியசாலை, வடக்கே கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, இரண்டும் சில கிலோமீற்றருக்குள். வாவிக்கு அப்பால் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கும் வெல்லாவெளிக்கும் அப்பாலான ஊர்களில் அதே கணக்கு கழுத்தை நெரிக்கும்.

உயிர்காக்கும் மருந்து அட்ரினலின் மட்டுமே. வீடுகளில் முதலில் தேடுவது பிரிட்டன் (Piriton) என்ற சொறிமருந்தின் மாத்திரை அல்லது பாணி. அது சொறியைத் தணிக்கும், அடைபடும் மூச்சையும் விழும் இரத்த அழுத்தத்தையும் நிமிர்த்தாது. பிரிட்டன் கொடுத்துவிட்டு 'பார்ப்போம்' என்று காத்திருக்கும் இருபது நிமிடமே ஆபத்தானது. அட்ரினலின் தொடையின் வெளிப்பக்கத் தசையில், ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம் என்ற அளவில் போடப்படுகிறது. பதினைந்து கிலோப் பிள்ளைக்கு அது 0.15 மில்லிகிராம். தேறாவிட்டால் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் மறுபடியும். பணக்கார நாடுகளில் இதற்கென்று அளவு நிரப்பிய பேனா ஊசி இருக்கிறது. 2024 ஓகஸ்டில் மூக்கில் விசிறும் அட்ரினலினையும் அமெரிக்கா அனுமதித்தது. இலங்கையில் பேனா ஊசியை நினைத்தவுடன் பாமசியில் வாங்க முடியாது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவினர் கொண்டுவந்து தருவதுண்டு. அப்படி வந்தால் அளவு பிள்ளையின் எடைக்குப் பொருந்துகிறதா, காலாவதித் திகதி என்ன என்று வைத்தியரிடம் காட்டாமல் வைத்திருக்கக் கூடாது.

பேனா ஊசி இல்லாதபோது மாற்று, கண்ணாடிக் குப்பி மருந்தும் சிறிய ஊசியும். விலை சொற்பம். ஆனால் எளிதல்ல. கனடாவின் எஸ்தெல் சைமன்ஸ் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில் குப்பியிலிருந்து ஊசியில் மருந்தை ஏற்றப் பெற்றோருக்குச் சராசரி 142 செக்கன் பிடித்தது, அவசரப்பிரிவுத் தாதியருக்கு 29 செக்கன். பெற்றோர் ஏற்றிய அளவுகளுக்கிடையே நாற்பது மடங்கு வேறுபாடு இருந்தது. பிள்ளை மடியில் துவளும் நேரத்தில் கை நடுங்கும் தாய்க்கு இது பெரிய சுமை. ஆகவே அளவை முன்கூட்டியே கோடிட்டு, எழுத்தில் தந்து, உப்புநீரில் திரும்பத் திரும்பப் பழக்கி, குறித்த காலத்துக்கொருமுறை மருந்தை மாற்றித் தரும் ஏற்பாடு வேண்டும். தடுப்பூசிக் கிளினிக்குகளில் இத்தகைய எதிர்வினைக்கென்று அட்ரினலினோடு அவசரத் தட்டு ஆயத்தமாக வைக்கப்படுகிறது. இந்த ஆற்றல் ஏற்கெனவே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மட்டத்தில் இருக்கிறது. கடும் ஒவ்வாமையுள்ள பிள்ளைகளின் வீட்டுப் பெண்களை அங்கே அழைத்துப் பழக்குவதற்குப் புதிய கட்டடமோ புதிய பதவியோ தேவையில்லை. இதைச் செய்யும்படி ஊர்ச் சங்கங்களும் பாடசாலைகளும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மருந்தை வெயில் படாத, சூடேறாத இடத்தில் வைக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழ் வைத்தால் மட்டக்களப்பு வெயிலில் அது கெட்டுப்போகும். குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வேண்டாம். பிள்ளை எந்த வீட்டில் விளையாடுகிறதோ அந்த வீட்டுக்கு மருந்தும் கூடவே போக வேண்டும்.

ஊசி போட்டதும் பிள்ளையைக் கால் உயரப் படுக்க வையுங்கள், வாந்தியெடுத்தால் பக்கவாட்டில் சரித்து. மூச்சு விடக் கடினமென்றால் காலை நீட்டி உட்காரலாம். தூக்கி நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு ஓடக் கூடாது. திடீரென நிமிர்த்தப்பட்டதால் நேர்ந்த மரணங்களையும் பம்ஃப்ரி 2003இல் பதிவு செய்திருக்கிறார். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசின்றி வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை பின்னர் கிழக்குக்கும் வந்தது. அதற்குள் அயலில் ஓட்டோ ஆயத்தமாக நின்றால், வைத்தியசாலை அருகில் என்றால், மடியில் கிடத்தியபடியே போய்விடலாம். தேறிவிட்டது என்று பாதிவழியில் திரும்பக் கூடாது. சில மணிநேரம் கழித்து எதிர்வினை இரண்டாம் முறை எழக்கூடும். இழுப்புள்ள பிள்ளை நாளாந்தப் பம்பை ஒழுங்காக எடுப்பதும் இந்தக் காவலின் ஒரு பகுதி. கட்டுப்படாத இழுப்பே ஒவ்வாமை மரணங்களில் அடிக்கடி காணப்படும் துணைக் காரணம்.

குணமாக்கும் வழி தேடியும் ஆய்வுகள் நடக்கின்றன. ஸ்கோஃபீல்ட் நூறு ஆண்டுக்கு முன் செய்ததை இன்றைய முறையில் 55 பிள்ளைகளிடம் செய்த அமெரிக்க ஆய்வு 2012இல் வெளியானது. முட்டைத் தூளை ஏறுவரிசையில் எடுத்த பிள்ளைகளில் 75 சதவீதமானோர் 22 மாத முடிவில் முட்டையைத் தாங்கினார்கள். தூளை நிறுத்திய பின்னும் தாங்கியவர்கள் 28 சதவீதமே. இதை வைத்தியர் கண்காணிப்பில்லாமல் வீட்டில் செய்து பார்ப்பது கொலைக்குச் சமம். ஆனால் வருடத்துக்கொருமுறை மறுபடி காட்டுவது ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியது. பலர் முதல் வைத்தியர் சொன்னதை வாழ்நாள் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, எப்போதோ தணிந்துவிட்ட ஒவ்வாமைக்காகப் பிள்ளையைப் பத்து வயதுவரை கேக்கிலிருந்தும் பந்தியிலிருந்தும் பிரித்து வைக்கிறார்கள்.

தணிவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கேக், பிறகு நன்றாக அவித்த முட்டை, அதன்பின் பொரியல், கடைசியில்தான் அரைவேக்காடும் பச்சையும். இந்த வரிசையை மறந்துவிடக் கூடாத ஒரு தருணம் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. பெண்பிள்ளை பெரியவளானதும் பச்சை முட்டையை வாயில் ஊற்றி, மேலே நல்லெண்ணெயும் கொடுப்பார்கள், உளுந்தங்களியும் கிண்டிக் கொடுப்பார்கள். சிறுவயதில் முட்டைக்குத் துவண்ட பிள்ளை, இப்போது கேக் தின்கிறாளே என்ற நம்பிக்கையில், அந்த நாளில் வாழ்க்கையிலேயே மிகப்பெரிய அளவு பச்சை வெள்ளைக்கருவை ஒரே மடக்கில் விழுங்கக்கூடும். கொடுப்பவர்கள் மாமியும் அம்மம்மாவும், தாய் அன்று ஆயிரம் வேலையில் இருப்பாள். பத்து வயதிலேயே, சடங்கு வருமுன்னரே, பச்சை முட்டை இவளுக்கு இல்லை, நல்லெண்ணெயும் களியும் மட்டும் என்று வளவிலுள்ள எல்லாப் பெண்களிடமும் சொல்லிவைக்க வேண்டும்.